தின்னேன் என்றது கருஞ்சிறுத்தை

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது தூரத்தில் இருந்து கேட்கிற கதை இல்லை. இதில் ஒரே ஒரு சொல்தான் முக்கியம். அது காதில் சரியாக விழாததால் ஒரு காடே காலியாகப் பார்த்தது.

ஒரு காட்டில், நட்ட நடுவில், ஒரு பள்ளம் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் வராது. ஆனால் ஓரத்தில் நின்று பேசினால், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து, பேசினது அப்படியே திரும்பி வரும். உங்கள் குரலில்தான் வரும். ஆனாலும் உங்கள் குரலாக இருக்காது. அதற்குச் செவிப்பள்ளம் என்று பெயர்.

அதன் விளிம்பில் நல்ல புல் வளரும். ஒரு மான் வாய் வைக்காது. அதற்கு மேலே ஒரு பறவை பறக்காது, சுற்றிக்கொண்டுதான் போகும்.

அந்தக் காட்டுக்குத் தலைவராக வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த விளிம்பில் முன்னங்காலை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதுவும் உச்சி வேளையில், அவரவர் நிழல் அவரவர் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் நேரத்தில். முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது.

"அது எதற்குப் பட்டினி?" என்று குட்டிகள் கேட்கும்.

"வயிறு நிறைந்தவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். பசியோடு சொல்கிற சொல்தான் சொல். நிறைந்த வயிற்றோடு செய்த சத்தியம் செல்லாது" என்பார் கிளைக்கொம்பர்.

கிளைக்கொம்பர் ஒரு கிழட்டுக் கடமான். சத்திய வாசகத்தை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவர் ஒரு வரி சொல்வார். புதுத் தலைவர் அதைத் திருப்பிச் சொல்வார். பள்ளம் அதைத் திருப்பிச் சொல்லும். கடைசி வரி முடிந்ததும் காடு மொத்தமும், "கேட்டோம்!" என்று குரல் கொடுக்கும். அத்தோடு பதவி ஏறியாயிற்று.

அந்தக் "கேட்டோம்" லேசான சொல் இல்லை. அது ஒரு கயிறு. ஒரு முனை தலைவரின் வாயைக் கட்டும்: குடிகளை அவர் தின்னக் கூடாது. மறு முனை குடிகளின் கொம்பைக் கட்டும்: சத்தியம் செய்த தலைவர்மேல் யாரும் கொம்போ பல்லோ நகமோ தூக்கக் கூடாது.

கிளைக்கொம்பரின் முதுகில் ஒரு மைனா குடியிருந்தாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். அதனால் அவள் மஞ்சக்கண்ணி. அவருடைய முதுகில் உண்ணி பொறுக்கித் தின்பாள், அவருடைய காதோரம் தூங்குவாள். எந்தக் குரலைக் கேட்டாலும் அதே மாதிரி பேசிவிடுவாள். ஒருநாள் கரடி மாதிரி உறுமி, கரடியையே மரத்தில் ஏற்றிவிட்டாள்.

"யார் மாதிரி வேண்டுமானாலும் பேசு. என் மாதிரி மட்டும் பேசாதே" என்பார் கிளைக்கொம்பர்.

"ஏன், பெரியப்பா?"

"ஒரே காட்டில் நான் இரண்டு பேராகிவிடுவேன். அது நல்லதில்லை."

அந்த வருஷம் பழைய தலைவரான யானை வயதாகிச் செத்துப்போனது. மலைக்கு அந்தப் பக்கம் செந்நாய்கள் ஊளையிடுவது தினமும் கேட்டது. தலைவர் இல்லாத காட்டுக்குள் அவை இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

அப்போதுதான் நிழலன் வந்தான். அவன் ஒரு கருஞ்சிறுத்தை. எந்த வழியாக வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. முந்தின நாள் வெறும் பாறையாக இருந்த இடத்தில் மறுநாள் அவன் படுத்திருந்தான்.

"எனக்குப் பதவி ஆசை இல்லை" என்றான் அவன், வாலை மடக்கிக்கொண்டு. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "ஆனால் செந்நாய்க்கு என்னைக் கண்டால் ஆகாது. நான் இருக்கிற காட்டுக்குள் அது கால் வைக்காது. அப்புறம் உங்கள் இஷ்டம்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையன் என்ற கரடிக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று பேச வராது. வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவான்.

"அவன் பல்லைப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்குது. செந்நாய்க்குக் கலக்காதா? இருக்கட்டுமே" என்றான் சடையன்.

"சத்தியம் செய்துவிட்டால் பல் இருந்தால் என்ன?" என்றான் மலையாண்டி. அவன் காட்டெருமைகளின் மூத்தவன். முறை தவறாதவன். "முறைப்படி சத்தியம் செய்யட்டும். முறைப்படி ஏற்போம்."

நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு விடியற்காலையிலேயே கிளைக்கொம்பர் தண்ணீர்த்துறைக்குப் போனார். மஞ்சக்கண்ணியும் கூடவே போயிருப்பாள். வழியில் ஆலம்பழம் பழுத்திருந்தது. "நீங்கள் நடங்கள், பெரியப்பா. நான் இரண்டு பழம் கொத்திவிட்டு வருகிறேன்" என்று கிளையில் தங்கிவிட்டாள். தங்கினாளா? அவள் துறைக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. திரும்பி வந்த வழியிலும் இல்லை. தண்ணீர் மட்டும் ஓரத்தில் கலங்கியிருந்தது.

வெயில் ஏறியது. செவிப்பள்ளத்தைச் சுற்றிக் காடு கூடிவிட்டது. சில்வண்டுகூடச் சத்தம் போடவில்லை. கிளைக்கொம்பரைக் காணோம்.

நிழலன் மெதுவாக நடந்து வந்தான்.

"பட்டினியோடுதானே வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான் மலையாண்டி.

நிழலன் கண்ணை மூடித் திறந்தான். அதை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எடுத்துக் கொடுக்கிற பெரியவர் எங்கே? பாவம், வயதானவர். வழியில் களைத்திருப்பார். நேரம் தப்புகிறதே" என்றான் நிழலன்.

நிழல்கள் எல்லாம் காலுக்கடியில் போய்விட்டன. மலையாண்டி மைனாவைப் பார்த்தான். "மஞ்சக்கண்ணி, உனக்குத்தான் வாசகம் தெரியுமே. நீ எடுத்துக் கொடு."

அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அந்த வாசகத்தை அவள் ஒரே ஒரு குரலில்தான் கேட்டிருக்கிறாள். அந்தக் குரல்தான் வந்தது. கனத்த, கரகரத்த, கிழட்டுக் கடமானின் குரல்.

"நிழலன் ஆகிய நான்..."

நிழலனின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. ஒரு சிறு பறவைதான் பேசுகிறது என்று தெரிந்ததும் நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, "நிழலன் ஆகிய நான்" என்றான்.

"ஆகிய நான்" என்றது பள்ளம்.

"ஆபத்து வந்தால் முதலில் ஓடேன்" என்றது கடமானின் குரல். ஓடேன் என்றால் ஓட மாட்டேன். அது பழங்காலத்து வாசகம், அப்படித்தான் இருக்கும்.

"ஆபத்து வந்தால் முதலில் ஓடேன்."

"செவிப்பள்ளம் அறியப் பொய் சொல்லேன்."

"செவிப்பள்ளம் அறியப் பொய் சொல்லேன்."

"என் குடிகளைத் தின்னேன்."

நிழலன் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு, "என் குடிகளைத் தின்னேன்" என்றான்.

சொல் அதேதான். ஆனால் மஞ்சக்கண்ணியின் காதில் அது நெருடியது. மற்ற வரிகளை விறைப்பாகச் சொன்னவன், இந்த வரியை மட்டும் திருப்தியாக, இழுத்து, சாப்பிட்டு எழுந்தவன் சொல்வது போலச் சொன்னான். பள்ளத்தின் பதிலும் சரியில்லை. வழக்கமாக அடியில் இருந்து தெளிவாக வரும். அன்றைக்குத் தொண்டையில் முள் சிக்கியவன் பேசுவது போல வந்தது.

அவள் யோசித்து முடிப்பதற்குள் காடு மொத்தமும், "கேட்டோம்!" என்று சொல்லிவிட்டது.

கயிறு விழுந்துவிட்டது.

மறுநாள் உச்சி வேளையில் ஒரு முயல் காணாமல் போனது. அதற்கு மறுநாள் ஒரு காட்டுக்கோழி. அதற்கும் மறுநாள் வெள்ளைமந்தி என்ற குரங்கின் குட்டி. கிளையில் தாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. தாய் பேன் பார்க்கக் குனிந்து நிமிர்ந்தாள். கிளை ஆடிக்கொண்டிருந்தது. குட்டி இல்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. தரையில் எதற்கும் நிழல் விழாத அந்த நேரத்தில்தான் நிழலன் நடந்தான். நிழலும் விழாமல் காலடியும் கேட்காமல் வருகிறவனை எப்படிப் பார்ப்பது? பொழுது உச்சிக்கு ஏறினாலே தாய்கள் குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார்கள்.

"மாமா, கொம்பு இருந்து என்ன பிரயோசனம்?" என்று மலையாண்டியிடம் அழுதாள் வெள்ளைமந்தி.

"அரிக்கிறது தாயே, கொம்பு அரிக்கிறது" என்றான் அவன். "ஆனால் கேட்டோம் என்று சொல்லிவிட்டோமே. அவர் சத்தியத்தை மீறினார் என்று ஊரறிய நிரூபிக்காமல் நான் தலையைக் குனிந்து முட்டினால், மீறினவன் நானாகிவிடுவேன்."

மஞ்சக்கண்ணி இதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்குள் ஒன்றுதான் ஓடியது: வாசகத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். இந்தக் கயிற்றை முறுக்கிக் கொடுத்தவள் நான்.

பதினோராம் நாள் காலையில் அவள் செவிப்பள்ளத்துக்குப் போனாள். யாரும் பறக்காத அந்த வட்டத்துக்கு மேலே பறந்தாள். இறக்கையை ஒடுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

இறங்க இறங்கக் குளிர்ந்தது. மேலே வானம் ஒரு முட்டை அளவுக்குச் சுருங்கியது. அவள் இறக்கை அடிக்கிற சத்தம், அவள் அடித்து நிறுத்திய பிறகு, கீழேயிருந்து மெதுவாக ஏறி வந்தது. யாரோ எதிரே பறந்து வருவது போல இருந்தது. 

பள்ளத்தின் தொண்டை குறுகும் இடத்தில் ஏதோ குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த கிளை என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால்கள் கண்டுகொண்டன. இந்தக் கிளையில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறாள்! இடது பக்கம் மூன்றாவது கிளையில் நுனி கொஞ்சம் உடைந்திருக்கும். தடவிப் பார்த்தாள். உடைந்திருந்தது.

கிளைக்கொம்பரின் கொம்பு. கீழே எலும்புகள்.

"பெரியப்பா" என்றாள் மெதுவாக.

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து, "பெரியப்பா" என்று வந்தது. அது தன் குரலா, வேறு குரலா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் மேலே பறந்தாள்.

கொம்பைக் காட்டினால் போதாது, கிழவர் தவறி விழுந்தார் என்று சொல்லிவிடுவான். அவன் வாயாலேயே வர வேண்டும். அவள் மரக்கிளையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தாள். தின்னேன். தின்னேன். விறைப்பாக ஒரு தடவை, இழுத்து ஒரு தடவை. அதற்குள் மரத்தடியில் சடையன் யாரிடமோ, "காலையிலே ரெண்டு கூடு தேன் தின்னேன், இன்னும் நாக்கு இனிக்குது" என்று பீற்றிக்கொண்டு போனான்.

மஞ்சக்கண்ணி கிளையிலிருந்து விழப் பார்த்தாள்.

அன்றைக்கு உச்சி வேளைக்கே அவள் காட்டைக் கூட்டினாள். "தலைவரிடம் ஒரு விண்ணப்பம்" என்று சொல்லி அனுப்பினாள். நிழலனும் வந்தான். சத்தியம் செய்த தலைவனுக்கு என்ன பயம்? பள்ளத்தின் ஓரத்தில் நிதானமாகப் படுத்து, பாதத்தை நக்கினான்.

"தலைவரே, குட்டிகள் குறைகின்றன" என்றாள் மஞ்சக்கண்ணி. "குடிகளைத் தின்னேன் என்று சத்தியம் செய்தீர்களே. மீறிவிட்டீர்களா?"

நிழலன் சிரித்தான்.

"மீறவா? நான் சொன்ன சொல்லில் எழுத்துப் பிசகவில்லை. தின்னேன் என்றேன். தின்னேன் என்றால் என்ன? ஏய் கரடி, வாயில் தேன் ஒட்டியிருக்கிறதே, காலையில் என்ன செய்தாய்?"

"தேன் தின்னேன்" என்றான் சடையன் வெகுளியாக.

"இன்னும் தின்ன வேண்டியது இருக்கிறதா, தின்று முடித்தாயிற்றா?"

"முடிச்சாச்சே. கூட்டையும் நக்கியாச்சு."

"கேட்டீர்களா?" என்றான் நிழலன். "தின்னேன் என்றால் தின்று முடித்தேன் என்று அர்த்தம். நான் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் தின்ன மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? நீங்களும் கேட்டோம் என்றீர்கள். அப்புறம் என்ன புலம்பல்?"

வெள்ளைமந்தி கிளையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மலையாண்டி மண்ணைக் குளம்பால் கீறினான். "நாசமாப் போச்சு, என் வாயாலேயா?" என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டான்.

மஞ்சக்கண்ணி தலையைத் தாழ்த்தினாள்.

"என் தப்புதான், தலைவரே. நான் சின்னப் பறவை. எனக்குப் பழைய பேச்சும் தெரியாது, புதுப் பேச்சும் தெரியாது. நீங்கள் சொல்கிற அர்த்தமே சரி. ஆனால் உங்கள் பதவிக்கு ஒரு ஆபத்து தெரிகிறது. சொல்லலாமா?"

"என் பதவிக்கா? சொல்."

"அதற்கு முந்தின வரியில், செவிப்பள்ளம் அறியப் பொய் சொல்லேன் என்றீர்கள். இங்கே பொய் சொன்னவருக்குப் பதவி கிடையாது. நாளைக்கு யாராவது கிளம்பி, 'நிழலன் அதுவரை இந்தக் காட்டுக் குடியை ஒன்றுகூடத் தின்னவில்லை, தின்னேன் என்று சும்மா சொன்னார், அது பொய்' என்று சொன்னால்?"

நிழலனின் வால் நின்றது. "யார் சொல்வது?"

"நாக்குக்கா பஞ்சம்? வேறு ஏதோ காட்டில் குட்டிப் பருவத்தில் எதையோ தின்றிருப்பார், அதெல்லாம் இந்தக் காட்டுக் கணக்கில் சேராது என்பார்கள்."

"இந்தக் காட்டுக் குடியைத்தான் தின்றேன்!"

"அப்படியா! எப்போது, தலைவரே?"

"அன்றைக்குக் காலையில். பனி உலரும் முன்னே. சுடச்சுட."

"ஒரு வாய் கடித்திருப்பீர்கள். அதைத் தின்றதாகச் சொல்ல முடியாது என்பார்கள்..."

"ஒரு வாயா? முட்ட முட்டத் தின்றேன்!" என்று எழுந்து நின்றான் நிழலன். "இந்த விளிம்பில் கால் வைத்தபோது எனக்கு ஏப்பமே வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்லட்டும், என் சொல் பொய்யா?"

"இல்லை, தலைவரே. உங்கள் சொல் மெய்" என்றாள் மஞ்சக்கண்ணி.

வெயில் தலைமேல் நின்றது. எதற்கும் நிழல் இல்லை. மலையாண்டிக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். அவன் ஒவ்வொரு சொல்லாக மென்றான்.

"அன்றைக்குக் காலையில்... வயிறு முட்ட..." அவன் பெரிய தலையைத் தூக்கினான். "அப்படியானால் பட்டினி?"

நிழலன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"நிறைந்த வயிற்றோடு செய்த சத்தியம்..." என்று ஆரம்பித்தாள் வெள்ளைமந்தி.

"செல்லாது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "செல்லாது" என்றது இன்னொன்று.

"பொறுங்கள், பொறுங்கள்" என்றான் நிழலன். பஞ்சுக் குரலில் முள் முளைத்திருந்தது. "ஒரு முயல். சின்ன முயல். அதுவெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா? முயலைத்தான் தின்றேன். வேறு யாரையும் நான்..."

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளையில் மைனா இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. கனத்த, கரகரத்த, கிழட்டுக் குரல்.

"முயலுக்குக் கொம்பு முளைத்தது எப்போது, நிழலா?"

குட்டிகள் தாய்களின் காலுக்கடியில் புகுந்தன. நிழலன் விளிம்பை விட்டுப் பின்னால் நகர்ந்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து, அடியாழத்திலிருந்து அதே கேள்வி மறுபடியும் ஏறி வந்தது. "கொம்பு முளைத்தது எப்போது, நிழலா?" அதற்கும் பிறகு, எல்லாம் அடங்கின பிறகு, நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

சடையன் குப்புறப் படுத்து, உள்ளே எட்டிப் பார்த்தான். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கியதில், வெகு கீழே ஏதோ வெளுத்துத் தெரிந்தது. வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கி, அதை நகத்தில் மாட்டி மேலே கொண்டுவந்து வெயிலில் வைத்தான். கிளைவிட்ட பெரிய கொம்பு. அதில் பல் பதிந்த தடம்.

யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

மலையாண்டி முன்னால் வந்தான். "அன்றைக்குக் கேட்டோம் என்று சொன்னேன்" என்றான். "இன்றைக்குச் சொல்கிறேன். நான் கேட்கவில்லை."

"கேட்கவில்லை" என்றாள் வெள்ளைமந்தி.

"நானும் கேக்கலே" என்றான் சடையன்.

"கேட்கவில்லை. கேட்கவில்லை. கேட்கவில்லை." ஒவ்வொரு வாயாக அது காட்டைச் சுற்றி வந்தது. சுற்றி முடிந்தபோது காட்டெருமைகளின் கொம்புகள் வட்டமாகத் தாழ்ந்திருந்தன.

நிழலன் ஓடினான். பதவி ஏற்றபோது சொன்ன முதல் வரியும் அத்தோடு போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம், செந்நாய்கள் ஊளையிடும் திசையிலேயே ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஊளை சட்டென்று நின்றது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

மஞ்சக்கண்ணி பள்ளத்திலிருந்து மேலே வந்து, கொம்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறக்கை முழுக்கத் தூசி.

"அடேயப்பா, அச்சா அவரேதான்!" என்றான் சடையன். "அதிலும் கடைசியிலே விட்டியே ஒரு பெருமூச்சு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"பெருமூச்சா?" என்றாள் அவள். "நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், மாமா."

அதைப் பற்றி அந்தக் காட்டில் யாரும் அப்புறம் பேசவில்லை.

காடு தலைவர் இல்லாமல் இருக்க முடியுமா? "சடையன் மாமாவே இருக்கட்டும். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது" என்றாள் வெள்ளைமந்தி. எல்லோரும் சரி என்றார்கள். சடையனுக்குத்தான் கவலை. "பட்டினியா? ராத்திரி பூராவுமா?" என்று மூன்று தடவை கேட்டான்.

மறுநாள் உச்சியில் விளிம்பில் கால் வைத்து நின்றான். மஞ்சக்கண்ணி எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவள் சொந்தக் குரலில்.

"சடையன் ஆகிய நான்."

"சடையன் ஆகிய நான்."

"ஆபத்து வந்தால் முதலில் ஓடேன்."

சடையன் திருதிருவென்று விழித்தான். "யாரை ஓடச் சொல்றே?"

கூட்டம் சிரித்தது. மஞ்சக்கண்ணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "பழைய பேச்சு வேண்டாம், மாமா. நம் வாய்க்கு எப்படி வருமோ அப்படியே இருக்கட்டும். ஆபத்து வந்தால் முதலில் ஓட மாட்டேன்" என்றாள்.

"ஓட மாட்டேன்."

"பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்ல மாட்டேன்."

"என் குடிகளைத் தின்ன மாட்டேன்."

சடையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கறையானையுமா?"

"கறையான் இல்லாமல் உங்களுக்கு ஆகாது, தெரியும். அதையும் இப்போதே எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுங்கள். மனசுக்குள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது."

"கறையானைத் தவிர என் குடிகளைத் தின்ன மாட்டேன்!" என்று கத்தினான் சடையன். பள்ளம் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னது. 

கேட்டோம் என்று சொல்ல எல்லா வாயும் திறந்தது.

"பொறுங்கள்" என்று இறக்கையைத் தூக்கினாள் மஞ்சக்கண்ணி. கிளையிலிருந்து பறந்து இறங்கினாள். கரடியின் வயிற்றில் தொற்றிக்கொண்டு, சடை மயிரை அலகால் விலக்கி, காதை அழுத்தி வைத்து, நெடுநேரம் உற்றுக் கேட்டாள்.

நீதி: சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு பதவி ஏறுகிறவனை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கும்.